எடை கூடுதலான கர்ப்பிணிகளுக்கான தனிப் பிரிவு: போய் வந்தவளின் விமர்சனம்

உடல் எடை அதிகமுள்ள கர்ப்பிணிகளுக்கென்று தனியாக ஓர் ஆலோசனைப் பிரிவு இப்போது பல மகப்பேறு மருத்துவமனைகளில் இருக்கிறது. மகப்பேறு மருத்துவர், டயட்டீஷியன், பிசியோதெரபிஸ்ட், தாய்ப்பால் ஆலோசகர் என்று நான்கைந்து பேர் சேர்ந்து நடத்துவார்கள். என் இரண்டாவது கர்ப்பத்தில் அப்படி ஒரு பிரிவில்தான் பிரசவம் வரை பார்த்துக்கொண்டேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த மாதிரி ஓர் இடத்தில் எது சரியாக இருக்க வேண்டும், எது விடுபட்டுப் போகிறது என்று அடுத்துப் போகிற பெண்ணுக்குத் தெரிந்தால் போதும். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தின் ஆறு மாதங்களுக்கு இந்தச் சேவை மிக நல்லது. ஆனால் குழந்தையின் வாழ்நாள் ஆரோக்கியத்துக்காக என்று சொல்லித்தான் தொடங்குகிறார்கள். அந்தக் குழந்தை பிறந்ததும் கோப்பை மூடிவிடுகிறார்கள். இதுதான் என் பெரிய குறை.

என்னைப் பற்றிக் கொஞ்சம். வயது 34, கர்ப்பமானபோது பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 33. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன் வேலை. சர்க்கரை, கொழுப்பு, இன்சுலின் என்று அளந்து கொடுப்பதே என் பிழைப்பு. அதனால் யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அது எங்கிருந்து வந்தது, யாரை வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்காமல் விடமாட்டேன். முதல் கர்ப்பத்தை வேறோர் இடத்தில் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் "எடையக் குறைங்கம்மா, குழந்தைக்கு நல்லதில்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஏன் நல்லதில்லை, எந்த அளவுக்கு நல்லதில்லை, இப்போது நான் என்ன செய்யலாம் என்று ஒரு வார்த்தை வராது. வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது எடையைக் குறைக்கப் பட்டினி கிடப்பது பரிந்துரைக்கப்படும் விஷயமே இல்லை என்பதைக்கூட அங்கே யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது இடத்தில் முதலில் கண்ணில் பட்டது நாற்காலிகள். கைப்பிடி இல்லாத, அகலமான நாற்காலிகள். சின்ன விஷயம்தான். ஆனால் கைப்பிடிக்குள் இடுப்பைத் திணித்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். எடை பார்க்கும் கருவி ஒரு தனி அறைக்குள் இருந்தது. நர்ஸ் எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் எழுதிக்கொண்டார். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் அவர் டேப்பை எடுத்து என் மேல் கையின் சுற்றளவை அளந்து, பெரிய பட்டையைத் தேடி எடுத்து வந்து கட்டியது. பருத்த கையில் சாதாரணப் பட்டையைக் கட்டினால் இரத்த அழுத்தம் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். இல்லாத பிரஷருக்கு மாத்திரை ஆரம்பிப்பதும் நடக்கலாம், கர்ப்பத்தில் எந்த எண்ணை நம்புவது என்றே தெரியாமல் போவதும் நடக்கலாம். ஓர் இடம் எடை கூடியவர்களை உண்மையிலேயே மனதில் வைத்து நடக்கிறதா என்று பார்க்க, அந்தப் பட்டை இருக்கிறதா என்று கேட்டாலே போதும்.

மருத்துவரோடு முதல் சந்திப்பு நீளமாக இருந்தது. நடுத்தர வயதுப் பெண்மணி, நிதானமாகப் பேசுபவர். "குழந்தைக்கு என்ன ஆகும்னு கேட்கத்தானே வந்திருக்கீங்க, அதையே முதல்ல பேசிடலாம்" என்று அவரே ஆரம்பித்தார். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

தாயின் இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் அப்படித் தாண்டிப் போகாது. எடை கூடிய உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சர்க்கரை சற்று ஏறி நின்றால், கூடுதல் சர்க்கரை மட்டும் குழந்தைக்கு வந்து சேரும். அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் தானே அதிகமாக இன்சுலின் சுரக்கும். கருவிலிருக்கும் குழந்தைக்கு இன்சுலின் ஒரு வளர்ச்சி ஹார்மோன். கொழுப்பைச் சேர்த்துவைக்கச் சொல்லும் ஹார்மோனும் அதுதான். கோபன்ஹேகனில் யோர்கன் பெடர்சன் என்ற மருத்துவர் 1950களிலேயே இந்த விளக்கத்தைச் சொல்லிவிட்டார். அவர் பார்த்தது சர்க்கரை நோயுள்ள தாய்மார்களை. பிறகு வந்தவர்கள், சர்க்கரை நோய் என்று பெயர் வைக்க முடியாத அளவில் இருந்தாலும் இதே வழி கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்கிறது என்று கண்டார்கள். சர்க்கரையோடு, தாயின் இரத்தத்தில் கூடுதலாக ஓடும் கொழுப்பு அமிலங்களும் குழந்தைக்குப் போகின்றன. எடை கூடிய உடலில் இருக்கும் மெல்லிய அழற்சி நஞ்சுக்கொடியின் வேலையையும் மாற்றுகிறது.

"பிறக்கும்போது எடை சரியா இருந்தா போதாதா டாக்டர்?" என்று கேட்டேன். எடையைவிட அந்த எடை எதனால் ஆனது என்பது முக்கியம் என்றார். இரண்டு குழந்தைகள் ஒரே எடையில் பிறக்கலாம். ஒன்றின் உடலில் கொழுப்பின் பங்கு கூடுதலாக இருக்கலாம். எடை கூடிய தாய்மார்களின் குழந்தைகளிடம் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். பசியையும் நிறைவையும் தீர்மானிக்கும் மூளைப் பகுதி, கல்லீரல், கொழுப்புத் திசு எல்லாமே கர்ப்பத்தில்தான் உருவாகின்றன. உருவாகும் நேரத்தில் என்ன கிடைத்ததோ அதற்கேற்ப அவை பழகிக்கொள்கின்றன என்பதுதான் இந்த ஆய்வுத் துறையின் அடிப்படை. இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் 1980களின் கடைசியில் எடை குறைந்து பிறந்தவர்களிடம் பிற்காலத்தில் இதய நோய் அதிகம் என்று காட்டி இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தார். குறைந்தால் வரும் பாதிப்பைப் போலவே கூடினாலும் பாதிப்பு உண்டு என்பது அதன் தொடர்ச்சி.

அப்புறம்தான் எண்கள். இங்கேதான் இந்தப் பிரிவின் மேல் எனக்கு மரியாதை வந்தது. 2019ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, கர்ப்பத்துக்கு முன் உடல் பருமன் இருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு உடல் பருமன் வரும் சாத்தியம் 264 சதவீதம் அதிகம் என்று சொல்கிறது. அந்த எண்ணை நான் ஏற்கெனவே எங்கோ படித்துவிட்டு, பல இரவுகள் தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறேன். மருத்துவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். அது ஆட்ஸ் விகிதம், அதாவது வருபவர்களுக்கும் வராதவர்களுக்கும் உள்ள விகிதத்தை இரு பிரிவிலும் ஒப்பிடும் எண், ஏறத்தாழ 3.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண எடையுள்ள தாய்மார்களின் 100 குழந்தைகளில் 10 பேருக்கு உடல் பருமன் வருகிறது என்றால், அந்த விகிதத்தின்படி உடல் பருமனுள்ள தாய்மார்களின் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 29 பேருக்கு வரும். மற்ற 71 பேருக்கு வராது. "29 சின்ன எண்ணில்லை, அதனாலதான் இந்தப் பிரிவே இருக்கு. ஆனா உங்க குழந்தை அந்த 71ல இருக்கறதுக்கான வாய்ப்புதான் அதிகம்" என்றார். எண்ணைக் குறைத்தும் சொல்லவில்லை, அதைக் காட்டிப் பயமுறுத்தவும் இல்லை. வேலை நிமித்தமாக எத்தனையோ ரிப்போர்ட்டுகளைக் கையில் கொடுத்திருக்கிறேன். ஒருவருக்கு எண்ணை இப்படித்தான் விளக்க வேண்டும்.

பெரியவர்களான பிறகு என்ன ஆகிறது என்பதற்கும் பதில் சொன்னார். ஸ்காட்லாந்தின் அபர்தீனில், 1950 முதலான பிரசவப் பதிவேடுகளை வைத்து 37,709 பேரைத் தொடர்ந்து பார்த்து 2013ல் வெளியிட்டார்கள். கர்ப்பத்தின்போது தாய்க்கு உடல் பருமன் இருந்திருந்தால், பிள்ளைகள் அகால மரணமடையும் ஆபத்து 35 சதவீதம் அதிகமாக இருந்தது. இதய, இரத்தக் குழாய்ப் பிரச்சினைகளுக்காக மருத்துவமனையில் சேர்வதும் அதிகம். தாயின் வயது, குடும்ப வசதி, பிறந்தபோது இருந்த எடை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. குழந்தைப் பருவ ஆஸ்துமா கொஞ்சம் அதிகம் என்றும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆனால் இவற்றில் எவ்வளவு கர்ப்பப்பையின் வேலை, எவ்வளவு பரம்பரையின் வேலை? என் கணவருக்கும் எடை அதிகம். அவருடைய அம்மாவுக்கும் சர்க்கரை. இதைக் கேட்டபோது மருத்துவர் பூசி மெழுகவில்லை. ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன் தம்பிகளை ஒப்பிட்டால்தான் ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும் என்றார். அரிசோனாவின் பீமா பழங்குடியினரிடம் அப்படிப் பார்த்தார்கள். தாய்க்குச் சர்க்கரை நோய் வருவதற்கு முன் பிறந்த குழந்தைகளைவிட, வந்த பிறகு பிறந்த குழந்தைகளுக்குச் சர்க்கரை நோயும் எடையும் கூடுதலாக இருந்தன. கனடாவின் கியூபெக்கில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தார்கள். எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் பிறந்த பிள்ளைகளைவிட, அதே தாய்க்கு அறுவை சிகிச்சைக்குப் பின் பிறந்த பிள்ளைகளிடம் உடல் பருமன் குறைவு. அப்படியானால் கர்ப்பப்பைக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் சாதாரண அளவில் எடை கூடிய தாய்மார்களிடம், மரபணுக்களை வைத்துச் செய்த ஆய்வுகள் பரம்பரையின் பங்கே பெரிது என்று காட்டுகின்றன. தந்தையின் எடையும் குழந்தையின் எடையோடு சேர்ந்தே நடக்கிறது. ஆட்டிசம், கவனக்குறைபாடு பற்றியும் கேட்டேன். எடை கூடிய தாய்மார்களின் குழந்தைகளிடம் இவை சற்று அதிகம் என்று செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன அல்லவா? ஸ்வீடனில் உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு பெருமளவு கரைந்துபோனது, அதனால் அதைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அந்த இடத்துக்கு நன்றி சொல்வேன். என் மூத்தவளுக்குப் பேச்சு சற்றுத் தாமதமாக வந்தது. அது என் எடையால்தான் என்று வீட்டிலேயே சிலர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

டயட்டீஷியன் இளம்பெண். முதல் கேள்வியே "என்ன சாப்பிடறீங்க"ன்னு இல்லை. "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கறீங்க, யார் சமைக்கறாங்க, வேலையில உட்கார இடம் இருக்கா" என்று கேட்டார். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009ல் வகுத்த அளவுகளைத்தான் பின்பற்றுகிறார்கள். சாதாரண எடையுள்ளவர்கள் கர்ப்பம் முழுவதும் 11.5 முதல் 16 கிலோ ஏறலாம். எடை கூடியவர்கள் 7 முதல் 11.5 கிலோ, பிஎம்ஐ 30க்கு மேல் இருப்பவர்கள் 5 முதல் 9 கிலோ. அப்படியென்றால் நான்காம் மாதத்திலிருந்து வாரத்துக்குக் கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. இறக்குவதற்கான இலக்கு எதுவும் இல்லை. இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும் என்ற பேச்சை அவர் மெதுவாக ஒதுக்கினார். இரண்டு உயிருக்கான சத்து வேண்டும், இரண்டு பங்கு அளவு வேண்டாம். நான் ஏற்கெனவே சாப்பிடுவதை வைத்தே திட்டம் போட்டார். நீண்ட தடை பட்டியல் எதையும் கையில் திணிக்கவில்லை. இனிப்பான பானங்களை நிறுத்துவதும், முழுத் தானியம், பயறு, காய்கறியின் பங்கைக் கூட்டுவதும், சாப்பிட்ட பின் கொஞ்சம் நடப்பதும்தான் அவர் கேட்டவை. பிசியோதெரபிஸ்ட் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை இலக்காக வைத்தார். முழங்கால் வலியுள்ளவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் பயிற்சிகள் தனியாக உண்டு.

சர்க்கரைப் பரிசோதனையைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன், என் தொழில் அது. வழக்கமாக 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்ப்பார்கள். எடை கூடியவர்களுக்கு முதல் வருகையிலேயே ஒருமுறை பார்ப்பது நல்லது, இங்கே பார்த்தார்கள். வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மில்லிகிராம் என்ற எல்லைகளில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கர்ப்ப காலச் சர்க்கரை என்பது இன்று உலக அளவில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 9 நாடுகளில் 25,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்துச் செய்து 2008ல் வெளியான ஹாப்போ ஆய்விலிருந்து வந்தவை அவை. அந்த ஆய்வு சொன்ன முக்கியமான செய்தி, திடீரென்று ஆபத்து தொடங்கும் கோடு எதுவும் இல்லை. சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் எடையும், குழந்தையின் இன்சுலினும் படிப்படியாக ஏறுகின்றன. அந்தத் தாய்மார்களின் குழந்தைகளை 10 முதல் 14 வயதில் மறுபடி பார்த்தபோது, தாய்க்குக் கர்ப்ப காலச் சர்க்கரை இருந்தவர்களிடம் உடல் கொழுப்பும், சர்க்கரையைச் சமாளிப்பதில் கோளாறும் கூடுதலாக இருந்தன.

எல்லை இவ்வளவு மெல்லியதாக இருக்கும்போது, மாதிரியை எப்படிக் கையாள்கிறார்கள் என்பது பெரிய விஷயம். எடுத்த இரத்தத்தை அப்படியே வைத்தால், அதிலிருக்கும் அணுக்களே குளுக்கோஸைத் தின்றுகொண்டிருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். 95 இருப்பவருக்கு ஒரு மணி நேரத் தாமதத்தில் 90 என்று வந்து, "ஒண்ணும் இல்லம்மா" என்று வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஃப்ளோரைடு சேர்த்த குழாயும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு இதை முழுதாகத் தடுக்காது. இந்த இடத்தில் குழாயை உடனே பனிக்கட்டியில் வைத்து, அரை மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரிக்கிறார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டேன், உள்ளே போய்ப் பார்க்கவும் விட்டார்கள். வெளியில் எங்காவது இரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்லும் இடங்களில் இந்த உறுதி கிடையாது. எனக்கு வெறும் வயிற்றில் 98 வந்தது. கர்ப்ப காலச் சர்க்கரை என்று எழுதினார்கள்.

வீட்டில் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவி கொடுத்து, வெறும் வயிற்றில் 95க்குக் கீழே, சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழே என்று இலக்கு வைத்தார்கள். எண்களைப் படம் எடுத்து அனுப்பினால் நர்ஸ் அன்றைக்கே பதில் போடுவார். எனக்கு உணவோடு நடையும் போதுமானதாக இருந்தது. போதாதவர்களுக்கு இன்சுலின் ஆரம்பித்தபோது, அதை ஒரு தண்டனை போலப் பேசாமல் சாதாரணமாகச் சொல்லிக் கொடுத்ததைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தேன்.

இந்தக் கவனிப்பால் குழந்தையின் எதிர்காலம் எவ்வளவு மாறும் என்று கேட்டதற்கும் நேர்மையான பதில்தான் கிடைத்தது. கர்ப்ப காலச் சர்க்கரைக்கு முறையாகச் சிகிச்சை கொடுத்தால் பிரசவ நேர ஆபத்துகள் குறைகின்றன. ஆஸ்திரேலியாவில் செய்து 2005ல் வெளியான பரிசோதனையில் குழந்தைகளுக்கு ஏற்பட்ட கடுமையான சிக்கல்கள் 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தன. ஆனால் அதே குழந்தைகளில் ஒரு பகுதியினரை 4, 5 வயதில் பார்த்தபோது, இரு பிரிவிலும் எடையில் வித்தியாசம் இல்லை. பிரிட்டனில் உடல் பருமனுள்ள 1,555 கர்ப்பிணிகளுக்கு உணவும் உடற்பயிற்சியும் சொல்லிக் கொடுத்துப் பார்த்த அப்பீட் பரிசோதனை 2015ல் வந்தது. கர்ப்ப காலச் சர்க்கரையையும் பெரிய குழந்தைகள் பிறப்பதையும் அது குறைக்கவில்லை. தாய்மார்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடை குறைவாக ஏறியது. 6 மாதக் குழந்தைகளின் முதுகுத் தோல் மடிப்பில் கொழுப்பு சற்றுக் குறைவாக இருந்தது. அவ்வளவுதான். இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லிவிட்டு, "கர்ப்பத்துல ஆரம்பிக்கறது கொஞ்சம் லேட்டுதான்மா. ஆனா இப்ப செய்யறது வீணில்லை" என்றார் மருத்துவர். தன் சேவையின் எல்லையைத் தானே சொல்லும் இடத்தை நான் நம்புகிறேன். இங்கே வந்தால் குழந்தைக்குப் பிற்காலத்தில் சர்க்கரையே வராது என்று எந்த இடமாவது உறுதி கொடுத்தால், தயவுசெய்து அங்கே போகாதீர்கள்.

சரி, இப்போது குறைகளுக்கு வருகிறேன். அந்த நேர்மையிலிருந்தேதான் என் வருத்தம் தொடங்குகிறது. கர்ப்பத்தில் ஆரம்பிப்பது தாமதம் என்று தெரிந்தவர்கள், ஏன் கர்ப்பத்துக்கு முன் யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை? 12 வாரம் ஆன பிறகுதான் இந்தப் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும். உடல் பருமனுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு அந்தக் குழாய் சரியாக மூடாமல் போகும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் பிரிட்டனில் மகப்பேறு மருத்துவர்களின் 2018 வழிகாட்டுதல் பிஎம்ஐ 30க்கு மேல் உள்ளவர்களை, வழக்கமான 400 மைக்ரோகிராமுக்குப் பதிலாக 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலத்தை, கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே மருத்துவர் சீட்டோடு எடுக்கச் சொன்னது. 12 வாரத்தில் வருகிற பெண்ணிடம் இதைச் சொல்லி என்ன பயன்? இரண்டு பிரசவங்களுக்கு நடுவில் இருக்கும் காலமும் இப்படித்தான் வீணாகிறது. ஸ்வீடனில் 1,50,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்த 2006ஆம் ஆண்டு ஆய்வில், முதல் கர்ப்பத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் பிஎம்ஐ 3 புள்ளி ஏறியவர்களுக்குக் கர்ப்ப காலச் சர்க்கரை, இரத்த அழுத்தம், குழந்தை வயிற்றிலேயே இறப்பது எல்லாமே கூடியிருந்தன. அவர்களில் பலர் சாதாரண எடைக்காரர்கள். என் முதல் பிரசவத்துக்குப் பின் யாராவது என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருந்தால், அந்த இரண்டு மூன்று வருடங்கள் வேறு மாதிரிப் போயிருக்கலாம்.

பிரசவத்துக்குப் பின் தாய்க்கு மட்டும் கவனிப்பு உண்டு. எடை கூடிய பெண்களுக்குப் பால் நன்றாக இறங்க மூன்று நாளுக்கு மேல் ஆவது அதிகம். இதை முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால் நான் பதறவில்லை. தாய்ப்பால் ஆலோசகர் வார்டுக்கே வந்து, குழந்தையை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று என் உடல்வாகுக்கு ஏற்றபடி காட்டினார். அவர் வராமல் இருந்திருந்தால் இரண்டாம் நாளே புட்டிப் பாலுக்குப் போயிருப்பேன். 6 வாரத்துக்கு மேல் மறுபடி குளுக்கோஸ் பரிசோதனைக்கு வரச் சொல்லி அழைப்பும் வந்தது. கர்ப்ப காலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் டைப் 2 சர்க்கரை நோய் வரும் ஆபத்து ஏறத்தாழ 7 மடங்கு என்பதால் அது கட்டாயம் வேண்டும்.

ஆனால் குழந்தைக்கு? ஒன்றும் இல்லை. என் மகனைக் குழந்தை நல மருத்துவரிடம் கொண்டுபோனபோது, அவர் கையிலிருந்த அட்டையில் பிறந்த எடை, தடுப்பூசி, இரத்த வகை மட்டும் இருந்தன. தாய்க்கு பிஎம்ஐ 33, கர்ப்ப காலச் சர்க்கரை என்ற இரண்டு வரிகள் அதில் இல்லை. நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். முதல் மாதங்களில் குழந்தையின் எடை வளர்ச்சிக் கோட்டில் வேகமாக மேலே ஏறினால், பிற்கால உடல் பருமனுக்கு அது ஓர் அறிகுறி என்பது தெரிந்த விஷயம். "நல்லா கொழுகொழுன்னு இருக்கான்" என்று எல்லோரும் கொண்டாடும் நேரத்தில், அந்தக் கோட்டைக் கவனித்துப் பார்க்க ஒருவர் வேண்டாமா? மூன்று வயதுக்கு மேல் இரத்த அழுத்தம் பார்ப்பது, வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பாட்டையும் விளையாட்டையும் மாற்றுவது என்று செய்ய வேண்டியவை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கர்ப்பம் முழுவதும் இந்தக் குழந்தையின் 40 வயதைப் பற்றிப் பேசியவர்கள், அவனுடைய முதல் வருடத்துக்கு ஒரு சந்திப்புகூட வைக்கவில்லை.

அப்பாக்களுக்கும் அங்கே இடம் இல்லை. டயட்டீஷியன் அறையில் ஒரு நாற்காலிதான். வகுப்புகள் எல்லாம் வேலை நேரத்தில். என் கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, வெளியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். குழந்தை வளரப் போவது எங்கள் இருவரின் தட்டுகளையும் பார்த்துத்தான். காத்திருக்கும் கூடத்தில் ஒரு சுவரொட்டி இருந்தது. பருத்த ஒரு தாய், பக்கத்தில் பருத்த ஒரு குழந்தை, மேலே எச்சரிக்கை வாசகம். உள்ளே மருத்துவர் அவ்வளவு பக்குவமாகப் பேசுகிற இடத்தில், வெளியே அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் அழுததை நான் பார்த்தேன். இப்படி அவமானப்படுத்தினால் பெண்கள் பரிசோதனைக்கு வருவதையே தள்ளிப்போடுவார்கள். அதனால் கெடுவது அதே குழந்தைதான். நர்ஸிடம் சொன்னேன். அடுத்த முறை போனபோது அது இல்லை. சொன்னால் கேட்கிறார்கள் என்பதையும் பாராட்டியே ஆக வேண்டும்.

பிஎம்ஐ 30க்கு மேல் இருப்பவர்கள் இப்படி ஒரு பிரிவு எட்டும் தூரத்தில் இருந்தால் கட்டாயம் போங்கள். ஆசிய உடல்வாகு உள்ளவர்கள் 27.5லிருந்தே கேட்டுப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அந்த அளவை நமக்காகத் தனியாகச் சொல்லியிருக்கிறது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் ஃபோலிக் அமிலத்தைப் பற்றிக் கேட்டுவிடுங்கள், இந்தப் பிரிவுக்கு அனுப்பும் வரை காத்திருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், உங்கள் எடை, சர்க்கரை எண்கள், எடுத்த மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி வாங்கி, குழந்தையின் அட்டைக்குள் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கத்தை மருத்துவமனையே தானாகக் கொடுக்க வேண்டும் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். குழந்தைக்கு 6 மாதத்திலும் ஒரு வயதிலும் டயட்டீஷியனோடு ஒரு சந்திப்பு வைக்கச் சொல்லியும் எழுதினேன். முதலாவதை ஏற்றுக்கொண்டு, படிவத்தை மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு ஆள் போதாது என்றார்கள். அதையும் விடப் போவதில்லை. மகனின் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது, அதே பிரிவில் பார்த்துக்கொண்ட வேறு சில தாய்மார்களையும் சேர்த்துக்கொண்டு மறுபடி எழுதிக் கொடுக்கப் போகிறேன்.